நல்லா கேட்டே போ!

அந்த அம்மாள் விரிகுடாவை நீந்திக் கடந்த அன்று கடலே கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது என்று தெருமுனை மீன்கடைக்காரர் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார். அந்த நேரத்தில் அவர் கடையில் செதில் உரசிக்கொண்டிருந்தார், கடற்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதெல்லாம் வேறு விஷயம். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதிப் பாதியே மூச்சு வாங்க வைக்கும். ஐம்பதைத் தாண்டிய ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி, மாடிப்படி ஏறினாலே முழங்காலைப் பிடித்துக்கொள்கிறவள், இக்கரையில் இறங்கி அக்கரைக் கலங்கரை விளக்கத்தின் காலடியில் போய் ஏறினாள் என்றால் சும்மாவா? அன்றிலிருந்து தெருவில் யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் நினைவில்லை. சுறாம்மா என்றால்தான் தெரியும்.

சுறாம்மாவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாற்பது மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் ஓடும் அந்த இருட்டுக் குழாய்க்குள், கீழே தரை ஒரு தபால்தலை அளவுக்குத் தெரிகிற உயரத்தில் தொங்கிக்கொண்டு, வாயில் ஸ்பேனரைக் கவ்வியபடி சீழ்க்கை அடிக்கக்கூடிய மனிதர். ஸ்பேனரைக் கவ்விக்கொண்டு எப்படிச் சீழ்க்கை அடிப்பது என்று கேட்கக் கூடாது. அவர் அடிப்பார். மதியச் சாப்பாட்டை லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து முடித்துவிட்டு அங்கேயே ஒரு குட்டித் தூக்கமும் போடுவார். பயம் என்ற சாமானை அவர் உடம்புக்குள் வைக்கவே மறந்துபோய்ப் பிறக்க வைத்துவிட்டார்கள் என்றுதான் சுறாம்மா நினைத்திருந்தாள்.

அதனால்தான், விரிகுடாவை நீந்தப் போகிறேன் என்று அவள் முதன்முதலில் வாயைத் திறந்த அன்று, கூடவே படகில் வர ஒரு துணை வேண்டும் என்று வந்தபோது, வேறு யாரையும் தேடவில்லை.

"ஏங்க, உங்களுக்கு நீச்சல் தெரியும்தானே?"

அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். கண்ணை அகல விரித்தார். "எனக்கா? நீச்சலா? நல்லா கேட்டே போ!" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. விஷயம் அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே முடிவாகிவிட்டது.

நீச்சல் சங்கத்துக் கோச் மட்டும் ஒரு வார்த்தை விசாரித்தார். "சாருக்குத் தண்ணீல பழக்கம் உண்டுங்களா?"

"சேச்சே, நமக்கு அந்த வாசனையே ஆகாதுங்க" என்றார் லிஃப்ட்காரர், முகத்தை மிகவும் ஒழுக்கமாக வைத்துக்கொண்டு.

கோச் விழுந்து விழுந்து சிரித்தார். சுறாம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் துடுப்பு அவர் கைக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் அந்த வீட்டில் நாற்காலி முதல் நாட்காட்டி வரை எல்லாமே கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. ஃப்ரிட்ஜ் கதவில் கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்ற அட்டவணை. குளியலறைக் கொடியில் நீச்சல் உடுப்பு எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருந்ததால் வீட்டுக்குள் தனியாக ஒரு மழைக்காலம். குளிர் தாங்க உடம்பில் பூசும் கொழுப்பு டப்பா வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கும். ஒருநாள் லிஃப்ட்காரர் அதை ரொட்டியில் தாராளமாகத் தடவிச் சாப்பிட்டுவிட்டு, "வெண்ணெய் மாத்திட்டியா? பரவால்லையே" என்றார். அவள் உண்மையைச் சொல்லவில்லை.

விடியற்காலை அவள் தண்ணீரில், அவர் படகில். மூச்சு எடுக்கத் தலையைத் திருப்பும்போதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது படகின் பக்கப்பலகையும் ஒரு மஞ்சள் மழைக்கோட்டும்தான். கோட்டின் மேல் இடுப்பைச் சுற்றி அகலமாக ஒரு பெல்ட். கேட்டால் "முதுகு வலிக்கு" என்பார். காதில் விழுந்தது ஒரே குரல்: "இன்னும் கொஞ்சம்தான்! இன்னும் கொஞ்சம்தான்!" கரையை விட்டுக் கிளம்பி, கால் மண்ணைத் தொடுகிற தூரம் தாண்டுவதற்குள்ளேயே இதை ஆரம்பித்துவிடுவார். உலகத்திலேயே பெரிய பொய், ஆனால் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அக்கரை போய்ச் சேர்ந்தாள்.

சேர்ந்த அன்று என்ன ஆரவாரம்! அவள் கலங்கரை விளக்கத்தடிப் பாறையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாறையும் அழுததாக மீன்கடைக்காரர் கட்சி. பத்திரிகையில் படம் வந்தது. கடையில் கண்ணாடி வாங்க வந்தவர்கள் கண்ணாடியை மறந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். பூங்கொத்துகளை வைக்கப் பாத்திரம் போதாமல் ஒன்றைப் பிரஷர் குக்கரில் வைக்க வேண்டியதாயிற்று.

பூக்கள் வாடின. குக்கர் அடுப்புக்குத் திரும்பியது. அதன் பிறகு ஒரு காலை, லிஃப்ட்காரர் கண்விழித்தபோது, மனைவி கட்டில் ஓரத்தில் நீச்சல் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, வீட்டுக்குள்ள வெள்ளமா?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. "பழக்கத்துல எழுந்துட்டேன். தொப்பியும் போட்டுட்டேன். அப்புறம்தான் எங்கேயும் போக வேண்டியதில்லேன்னு ஞாபகம் வந்துச்சு" என்றாள்.

அதற்கப்புறம் அந்த வீடு பட்ட பாடு சொல்லி மாளாது. விரிகுடாவைத் தாண்டிய அத்தனை பலமும் போக இடமில்லாமல் திரைச்சீலைகள் மேல் பாய்ந்தது. துவைத்த துவைப்பில் திரைச்சீலையிலிருந்த பூக்கள் உதிர்ந்து போய்விட்டன. சுவரைத் துடைத்துத் துடைத்து, அடுத்த வீட்டுக்காரர் கொட்டாவி விடுவது கேட்கிற அளவுக்குச் சுவர் மெலிந்தது. புல்லாங்குழல் ஒன்று வாங்கினாள், அதிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு லிஃப்ட்காரர் எண்ணெய்க் குப்பியோடு ஓடிவந்தார்.

கடையிலும் அதே கதி. கண்ணாடிக்குத் திருகாணி முடுக்க வந்த ஒரு பெரியவரைப் பிடித்து உட்கார வைத்து, எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெளிவா? இல்ல, இதுவா? இப்ப? முதல்ல போட்டது நல்லாருந்துச்சா, இது நல்லாருக்கா?" என்று வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டதில், கடைசியில் அவர் தன் கண்மேலேயே சந்தேகப்பட்டு, மகனைக் கூப்பிட்டு வீட்டுக்கு வழி கேட்டார்.

ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளே தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள். "எனக்குப் பயமா இருக்குங்க. இத்தன வருஷம் காலைல எழுந்தா அக்கரை தெரியும். இப்ப எந்தப் பக்கம் பாக்குறதுன்னே தெரியல. இவ்வளவுதானா நான்?"

லிஃப்ட்காரருக்குத் தெரிந்த உலகம் ஒன்றுதான். அதிலிருந்துதான் அவர் எடுத்துக் கொடுப்பார். "இந்தா பாரு. மேல்மாடிக்குப் போன லிஃப்ட் அங்கேயே குடித்தனம் பண்ணாது. சும்மாதான் நிக்கும். கீழ யாராவது பொத்தான அழுத்துவாங்க, இறங்கி வரும். நிக்கிறது ரிப்பேர் இல்ல."

"நான் என்ன லிஃப்டா?"

"லிஃப்டா இருந்தா இந்நேரம் கழட்டிப் பாத்திருப்பேன்ல" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு வந்த வேகத்தில் போய்விட்டது. ஃப்ரிட்ஜ் கதவில் அந்த அட்டவணை இன்னும் ஒட்டித்தான் இருந்தது. நாளைக்குக் கடல் எப்போது ஏறும் என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போனாள், கடலுக்கும் தனக்கும் இனி ஒரு வேலையும் இல்லாதபோதும்.

பொத்தானை அழுத்த வந்தது கோச்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"என்னம்மா, அக்கரை போய்ட்டு அங்கேயே நின்னுட்டா எப்படி? திரும்பி வர வேணாமா? போய்த் தொட்டுட்டு, நிக்காம, அப்படியே திரும்பி நீந்தி வரணும். இந்த ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தர் செஞ்சதில்ல."

சுறாம்மாவின் முகத்தில் பழைய விளக்கு எரிந்தது. இத்தனை நாள் கூன் விழுந்து கிடந்த தோள்கள் இரண்டும் தாமாகவே பின்னால் போய் நிமிர்ந்துகொண்டன. துடைப்பம், புல்லாங்குழல் எல்லாம் அவள் கண்ணெதிரே ஆவியாகிப் போயின. "எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றாள்.

அடுப்பங்கரையில் ஒரு கரண்டி விழுந்தது. டீ போட்டுக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் அதை எடுக்கக் குனிந்து, எடுக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் கோச். "திரும்பி வர்ற பாதிதான் ஆபத்து. உடம்பு சோர்ந்து புத்தி கலங்கும். அதனால நடுநடுவுல படகுல இருக்கிறவர் தண்ணீல இறங்கி, கூடவே கொஞ்ச தூரம் நீந்தணும். சங்கத்து விதி. படகுக்கு வேற ஆள் போட்டுக்கலாம். சார் இறங்கிடுவார்ல?"

"இவரா?" என்று சுறாம்மா பெருமையாகக் கையை வீசினாள். "இவரு மீனுங்க!"

மீன் டீக் கோப்பைகளோடு வந்தது. கோப்பைகள் தட்டில் தாளம் போட்டன. "என்ன சார், இறங்கிடுவீங்கதானே?" என்று கோச் கேட்டார்.

"நல்லா... நல்லா கேட்டீங்க போங்க" என்றார் மீன்.

நாளைக் காலை சங்கத்து நீச்சல் குளத்தில் ஒத்திகை என்று முடிவானது. மறுநாள் காலை லிஃப்ட்காரருக்குக் காதில் இரைச்சல். அதற்கடுத்த நாள் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே ஒரு மாப்பிள்ளை மாட்டிக்கொண்டு கல்யாணமே தடைபட்டு நிற்பதாகப் போன் வந்தது. போன் மணி அடித்த சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்கவில்லை. அதற்கும் அடுத்த நாள் அவள் எந்தக் காரணத்தையும் காதில் வாங்காமல், அவரைக் கையைப் பிடித்து, பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கும் பிள்ளையை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு போனாள்.

குளத்தில் அந்நேரம் யாரும் இல்லை. கோச்சும் இன்னும் வரவில்லை. கூரையின் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி, தண்ணீருக்குள் நெளிந்துகொண்டிருந்தது. சுறாம்மா தலைகீழாகப் பாய்ந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து தலையைத் தூக்கினாள்.

லிஃப்ட்காரர் உடை மாற்றும் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். முழங்கால்வரை தொளதொளவென்று ஒரு நீச்சல் டவுசர், கடைச்சீட்டு இன்னும் பின்னால் தொங்கியது. இடுப்பில் அந்த அகலப் பெல்ட். அவர் ஏணிப் பக்கம் வந்தார். பெல்ட்டிலிருந்து ஒரு கொக்கியை எடுத்து, ஏணியின் கைப்பிடிக் கம்பியில் மாட்டினார். கிளிக். இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது காலின் பெருவிரலை மட்டும் தண்ணீரில் வைத்தார். அவர் வாய் முணுமுணுத்தது. "இன்னும் கொஞ்சம்தான். இன்னும் கொஞ்சம்தான்."

அந்தக் கொக்கியைச் சுறாம்மா எத்தனையோ தடவை வீட்டில் பார்த்திருக்கிறாள். லிஃப்ட் குழாய்க்குள் இறங்கும்போது கீழே விழாமலிருக்க மாட்டிக்கொள்ளும் கொக்கி அது.

"ஏங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அந்த பெல்ட்டு... முதுகு வலிக்குத்தானே?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "முதுகு நல்லாத்தான் இருக்கு."

"படகுலயும் இத மாட்டியிருந்தீங்களா?"

"உக்காருற பலகைல."

"படகு கவுந்திருந்தா பலகையோட சேந்து நீங்களும் கீழ போயிருப்பீங்களே!"

"அத ரெண்டாவது வருஷம்தான் யோசிச்சேன்" என்றார் அவர். "அதுக்குள்ள பழகிப்போச்சு."

சுறாம்மா குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விரிகுடாவின் நடுவில் பிடிக்காத பிடி. "உங்களுக்கு நீச்சல் தெரியும்னு சொன்னீங்களே!"

"நான் எங்க சொன்னேன்? நீ கேட்டே. 'எனக்கா, நீச்சலா, நல்லா கேட்டே போ'ன்னேன்."

"அதுக்குத் தெரியும்னுதானே அர்த்தம்?"

"என்னைப் பாத்துப் போய் இதைக் கேக்குறியேன்னு அர்த்தம்!" இப்போதுதான் ஒரு கண்ணைத் திறந்தார். "சரி, தப்பாப் புரிஞ்சுக்கிட்டியேன்னு திருத்த வாயத் திறந்தேன். நீ அதுக்குள்ள எழுந்து ஆட ஆரம்பிச்சுட்டே. சமையலறைல, கையில கரண்டியோட. அவ்வளவு சந்தோஷமா உன்னைப் பாத்து வருஷக்கணக்காச்சு. விட்டுட்டேன்."

சுறாம்மா தண்ணீரிலிருந்து ஏறி, பெஞ்சில் கிடந்த போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

மகள் நர்ஸ், பகல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், போனில் சிரித்த சிரிப்பு குளத்தின் சுவரிலெல்லாம் மோதித் திரும்பியது. "அப்பாவுக்கு நீச்சல் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா? ஐயோ அம்மா! சின்ன வயசுல பீச்சுக்குப் போனா நாமெல்லாம் தண்ணீல கிடப்போம், அப்பா கரைல உக்காந்து செருப்புக்குக் காவல் இருப்பாரே! எந்தத் திருடன் அந்தச் செருப்ப எடுப்பான்? நீதான் ஊருக்கே கண்ணாடி போட்டு விடுறவ!"

போனை வைத்துவிட்டு, ஈரக் கையோடு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் கால் இரண்டும் இப்போது கணுக்கால்வரை தண்ணீரில் இருந்தன. கொக்கி கம்பியிலேயே இருந்தது.

"நடுக்கடல்ல எனக்கு ஏதாவது ஆயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"குதிச்சிருப்பேன்."

"குதிச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதுக்கு மேல யோசிக்கல."

அவள் அவரையே பார்த்தாள். விரிகுடாவைக் கடந்த அன்று பாதி வழியில் அலை எழும்பியதே, படகு தொட்டிலாக ஆடியதே, அப்போது இந்த மனிதர் தொண்டை கிழியக் கத்தினாரே!

"அன்னிக்கு அப்படிக் கத்துனீங்களே, இன்னும் கொஞ்சம்தான்னு. அந்தச் சத்தத்துலதான் நான் கைய வீசுனேன், தெரியுமா?"

"அது உனக்குச் சொன்னதில்லம்மா" என்றார் லிஃப்ட்காரர். "எனக்குச் சொல்லிக்கிட்டது."

விரிகுடாவை அன்று கடந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி தான் ஆசைப்பட்ட தண்ணீரில் போனாள். இன்னொருவர் தான் நடுங்கிய தண்ணீரின் மேல் போனார், அதுவும் ஒருநாள் இல்லை, ஒத்திகை நாளெல்லாம். பூங்கொத்து ஒன்றுகூட அவர் பக்கம் வரவில்லை. குக்கரைக் கழுவியதும் அவர்தான். இந்தக் கணக்கு சுறாம்மாவின் மனதில் ஓடி முடிந்தபோது, தோள்கள் மறுபடியும் நிமிர்ந்தன. கோச் வந்தபோது நிமிர்ந்த மாதிரி இல்லை, வேறு மாதிரி.

கோச் விசிலைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். "என்னம்மா, ஆரம்பிக்கலாமா? போய்த் திரும்பி வர்றதுக்கு?"

"அது இருக்கட்டுங்க. கடல் எங்கேயும் ஓடிடாது" என்றாள் அவள். "இப்ப வேற ஒரு தூரம் இருக்கு."

"எவ்வளவு தூரம்?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். குளத்தின் ஆழமில்லாத மூலையில், இந்த ஏணியிலிருந்து அந்த ஏணி. குழந்தைகள் மிதவையைப் பிடித்துக்கொண்டு காலடிக்கிற இடம். கோச் ஒன்றும் புரியாமல் லிஃப்ட்காரரைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், தான் விழுந்து விழுந்து சிரித்த அந்தப் பழைய ஜோக்கை நினைத்துப் பார்த்தார். பாவம், விசில் கையிலிருந்து விழுந்துவிட்டது.

சொல்லிக்கொடுப்பது ஒன்றும் சுலபமாக இல்லை. லிஃப்ட்காரர் தண்ணீரில் மிதப்பதாகத்தான் இல்லை. லிஃப்ட் பெட்டி மேலே போக மறுபக்கம் கீழே இறங்குமே ஒரு இரும்பு எடைக்கட்டி, அதுபோல நேராக, கம்பீரமாக, ஒரு குமிழிகூட விடாமல் அடிக்குப் போவார். அவள் இழுத்து மேலே கொண்டுவருவாள். "தரை நல்லாக் கெட்டியா இருக்கு" என்று தகவல் சொல்வார். எட்டி எட்டி உதைத்ததில் குளத்துத் தண்ணீர் பாதி வெளியே போய், சங்கத்தில் புதிதாக நிரப்ப வேண்டியதாயிற்று என்று மீன்கடைக்காரர் சொல்கிறார்.

காலையில் குளம், அப்புறம் கடை. கடையைச் சொன்ன நேரத்துக்குத் திறந்தாள், திருகாணி முடுக்க வந்தவருக்குத் திருகாணி மட்டும் முடுக்கினாள். வாரத்தில் ஒருநாள் அவரே அவளைக் கடலுக்கு விரட்டினார். "போ, நேரம் பாக்காம சும்மா நீந்திட்டு வா. நான் செருப்புக்குக் காவல்." அவள் மல்லாந்து மிதந்தாள். அத்தனை வருஷம் அந்தக் கடலில் கிடந்தும் அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது, அங்கிருந்து பார்த்தால் தன் கடை இருக்கும் தெரு, கட்டடங்களுக்கு நடுவே ஒரு விரற்கடை இடைவெளியாகத் தெரிகிறது என்று. கரையில் இரண்டு ஜோடிச் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. அந்த மஞ்சள் புள்ளியைப் பார்த்தே திரும்பி வந்தாள்.

ஒரு காலை, லிஃப்ட்காரர் ஏணிக் கம்பியிலிருந்து கொக்கியைத் தானே கழற்றினார். பெல்ட்டையும் அவிழ்த்து, மடித்து, பெஞ்சில் வைத்துவிட்டு வந்தார். அவர் மல்லாந்து படுத்தார். முதுகுக்கு அடியில் அவள் உள்ளங்கை. கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. கடைசியில் அவருக்கும் கைக்கும் நடுவே தண்ணீர் மட்டும்.

நாற்பது மாடி உயரத்தில் சீழ்க்கை அடிக்கிறவர், இடுப்பளவுத் தண்ணீரில், கூரைக் கண்ணாடியை வெறித்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். முழு மனிதர். கால் பெருவிரல் இரண்டும் வெளியே தெரிய.

"இன்னும் கொஞ்சம்தான்" என்றாள் அவள்.

"பொய் சொல்லாத" என்றார் அவர், உதடு மட்டும் அசைய. "இன்னும் நிறைய இருக்கு."

"பயமா இருக்காங்க?"

"நல்லா கேட்டே போ!"

இந்த முறை அவள் விடவில்லை. அவர் காதருகே குனிந்து, கண் பரிசோதனை செய்கிற அதே பொறுமையோடு கேட்டாள். "ஆமான்னு அர்த்தமா? இல்லைன்னு அர்த்தமா?"

அவர் யோசித்தார். யோசித்ததில் கொஞ்சம் தண்ணீர் வாய்க்குள் போனது. துப்பினார். மூழ்கவில்லை.

"ரெண்டும்தான்" என்றார்.